பேழையும் படமும்: ஒரு படைப்பு வீடு இடம் மாறியபோது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் தூக்குகள், பீங்கான் சாடிகள், ரசம் போன கண்ணாடிகள் என்று, பிரித்து விற்ற வீடுகளின் உறுப்புகள் அங்கேதான் வந்து சேரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்காளி ஒருவர், மகள் கல்யாணச் சாமானுக்கு மரவை என்னும் மரப் பாத்திரம் தேடி அங்கே போனார். ஒரு கடையின் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த படங்களில் ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாற்காலியில் அமர்ந்த பெரியவர். காதில் கடுக்கன், நெற்றி நிறைய திருநீறு, மார்பில் கௌரிசங்கம். சட்டத்தின் அடியில் வெள்ளை மையில் நான்கு எழுத்து விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் எழுத்துச் சுருக்கம். எங்கள் வீட்டைக் கட்டிய பாட்டையா.

அவர் அதைக் கைப்பேசியில் எடுத்து, பங்காளிகள் எல்லோருக்கும் அனுப்பினார். "இவர் யார், தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார். பார்த்தவர்கள் ஐம்பதுக்கும் மேல். சரியாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள்.

அடுத்த வாரம் இன்னொரு கேள்வி வந்தது. ஆத்தாவுக்கு இந்த வருஷம் என்ன நிறத்தில் சேலை எடுப்பது? சிங்கப்பூரில் படிக்கும் பையன் வரை பதில் எழுதினார்கள்: "அரக்குத்தானே, மஞ்சள் கரை போட்டது." ஆத்தா இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவருக்குப் படமே கிடையாது.

முகம் இருந்தவர் மறந்துபோனார், முகமே இல்லாதவர் நிலைத்தார். இது எப்படி நடந்தது என்று எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் நாற்பது ஆண்டு ஆகிறது. என் கணவருக்குக் கண் மங்கியதிலிருந்து படைப்புக் கணக்கு நோட்டை எழுதுபவள் நான்தான். பங்காளிகள் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

படைப்பு என்றால் என்ன

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், அல்லாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். திதி கொடுப்பது பிள்ளை தன் தாய் தந்தையருக்குச் செய்யும் கடன். படைப்பு அப்படியல்ல. ஒரு முன்னோரின் வழியில் வந்த பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடி, அந்த முன்னோருக்குச் சமைத்துப் படைத்துக் கும்பிடுவது படைப்பு. ஆண்டுக்கு ஒரு முறை செய்பவர்கள் உண்டு, வீட்டில் கல்யாணம் வந்தால் செய்பவர்களும் உண்டு. சைவமாகப் படைப்பவர்களும் இருக்கிறார்கள், கிடா வெட்டிப் படைப்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குத் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சைவம்தான்.

படைப்புக்கு நடுவில் இருப்பது பேழை. ஓலையால் முடைந்த மூடி போட்ட பெட்டி. அதற்குள் போன வருஷம் ஆத்தாவுக்குச் சாத்திய சேலையும் பாட்டையாவுக்கு வைத்த வேட்டியும் இருக்கும். முதல் நாள் பேழையை இறக்கி, சேலையை ஊருணிக்கு எடுத்துப் போய் அலசி, வெயில் படாமல் உலர்த்தி, மடித்துக் கொண்டுவருவார்கள். மறுநாள் புதுச் சேலையை வைத்து, விளக்கேற்றி, இலை போட்டுப் படைப்பார்கள். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், வாழைக்காய், அவரைக்காய் என்று இலை நிறைந்திருக்கும். படைத்து முடித்ததும் புதுச் சேலை பேழைக்குள் போகும். பழைய சேலை, அந்த வருஷம் வீட்டுக்கு வந்த புது மருமகளுக்கு. மருமகள் வராத வருஷத்தில் பங்காளிகளுக்குள் ஏலம். வீட்டுக்கு வீடு இந்த வழக்கம் மாறும்.

நான் போன முதல் தையில் அந்தச் சேலை என் கைக்கு வந்தது. கண்டாங்கி, அரக்கு நிறம், விரல் நீளத்துக்கு மேல் அகலமான மஞ்சள் கரை. வசம்பு வாசனையும் காய்ந்த வேப்பிலை வாசனையும் கலந்து வீசியது. மடிப்புக்குள் இரண்டு வேப்பிலைக் காம்புகள் ஒட்டியிருந்தன. "கட்டிக்கொள் ஆத்தா. பழசானால் யாருக்கும் கொடுத்துவிடாதே, பிள்ளைக்குத் தூளி கட்டு" என்றார் என் மாமியார். என் மூத்த மகன் அந்தத் தூளியில்தான் வளர்ந்தான். நைந்துபோன கரையை மட்டும் வெட்டி இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்று பேர்

எங்கள் படைப்பில் மூன்று பேருக்கு இலை விழும். ஒருவர் பாட்டையா. கொண்டுவிற்கப் பர்மாவுக்குப் போய்ச் சம்பாதித்து, முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டைக் கட்டியவர். ஊரில் ஊருணியை ஆழப்படுத்திப் படித்துறை கட்டினார். படித்துறைக் கல்லில் அவர் பெயர் இருக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கினால்தான் அதைப் படிக்க முடியும்.

இன்னொருவர் ஆத்தா. பாட்டையாவின் முதல் மனைவி. தலைப்பிரசவத்தில் இறந்துபோனார், குழந்தையும் தங்கவில்லை. அதாவது, இன்றைக்கு அவருக்குச் சேலை எடுக்கிற எங்களில் ஒருவர்கூட அவர் வயிற்றில் வந்தவர்கள் இல்லை. எல்லோரும் இளையாள் வழி. அந்த இளையாள்தான், மூத்தாளுக்குச் சேலை எடுத்துப் படைக்க வேண்டும் என்று தொடங்கிவைத்தவர். சுமங்கலியாக இறந்தவரைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் தான் வாழ வந்த வீட்டில் தனக்கு முன்னால் வாழ்ந்த பெண்ணுக்கு, தன் கையால் பணியாரம் சுட்டுப் படைத்த அந்த இளம்பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். தன் முதல் மகளுக்கு மூத்தாளின் பெயரையே விட்டாராம். அதிலிருந்து தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்காவது அந்தப் பெயர் உண்டு. அந்தப் பெயர் உள்ள பெண்ணை வீட்டில் யாரும் பேர் சொல்லித் திட்டமாட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தாலும் "ஆத்தா, இங்கே வா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூன்றாமவர் பாட்டையாவின் இளைய மகன். இவருக்குச் சேலையும் இல்லை, வேட்டியும் இல்லை. கட்டுச்சோறு.

ரங்கூனில் மொகல் தெருக் கிட்டங்கியில் (செட்டியார்கள் தொழில் நடத்திய கட்டடம்) இருந்தவர் அவர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காட்டு வழியே, மலை வழியே நடந்தவர்கள் லட்சக்கணக்கானோர். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தவர் அவரோடு சேர்த்து மூன்று பேர். மணிப்பூர் எல்லைக்கு முன்னால் காய்ச்சல் கண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர், "நீங்கள் முன்னால் நடங்கள், வருகிறேன்" என்றாராம். ஊர் வந்து சேர்ந்தவர் சொன்னது அவ்வளவுதான். என்ன தேதி என்று அவருக்கே தெரியவில்லை. இறந்த நாள் தெரியாதவருக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பது வழக்கம் என்பதால், தேவிபட்டினத்துக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். அந்த அம்மாள், அதாவது அவரைப் பெற்ற இளையாள், அதோடு மனம் ஆறவில்லை. படைப்பு நாளில் புளியோதரையை வாழை இலையில் கட்டி, இலைக்குப் பக்கத்தில் வைத்துப் படைத்தார். படைத்த பிறகு அந்தக் கட்டுச்சோற்றை வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. வாசலுக்குக் கொண்டுபோய், தெருவில் நடந்து வருகிற முதல் ஆளுக்குக் கொடுக்க வேண்டும். வண்டியில் வருபவருக்குக் கூடாது. நடந்து வருபவருக்குத்தான்.

இன்றுவரை அது நிற்கவில்லை.

நோட்டு

இந்த மூன்று பேரையும் இத்தனை காலம் தாங்கி வந்தது பக்தி மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. கணக்கும் தாங்கியிருக்கிறது. நகரத்தார் வழக்கில் கல்யாணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயிலுக்கு வரி என்றாலும் படைப்புக்கு வரி என்றாலும் புள்ளிக் கணக்கில்தான். மகனுக்குக் கல்யாணம் ஆன வருஷமே அவன் நோட்டில் ஏறிவிடுவான். அரிசி எவ்வளவு, தேங்காய் எத்தனை, சேலை என்ன விலை, யார் வரி கொடுத்தார், யார் பாக்கி என்று நோட்டில் எழுதியிருப்பதெல்லாம் வரவுசெலவுதான். ஆனால் முதல் நோட்டிலிருந்து வரிசையாகப் புரட்டினால் ஒரு குடும்பம் கிளைவிட்ட கதை முழுவதும் அதில் இருக்கிறது. யார் எந்த வருஷம் மலேயாவுக்குப் போனார், எந்த வருஷம் அரைப்புள்ளி ஆனார் என்பது வரை தெரியும். ஒருவர் வரி கொடுக்கும்போது, தான் யாருக்கு யார் என்பதை மீண்டும் ஒரு தரம் கேட்டுக்கொள்கிறார்.

அதில் ஒரு குறை உண்டு. புள்ளி என்று எழுதியிருப்பது கணவன் பெயரை மட்டும். மனைவிக்கு இடமில்லை. பேழையில் இருப்பது ஒரு பெண்ணின் சேலை, அதைத் தொடங்கியது ஒரு பெண், சமைப்பது பெண்கள். நோட்டில் மட்டும் பெண் இல்லை.

வீடு போனது

எங்கள் பகுதியில் இது புதுச் செய்தி அல்ல. பெரிய வீடு, வாரிசு 38 பேர், ஓடு ஒழுகுகிறது, வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளையடிக்கக்கூடக் கூட்டு நிதி போதவில்லை. செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதனால் எங்கள் வளவு ஒழுகுவது நிற்கவில்லை. சண்டை போட்டோம், அழுதோம், கடைசியில் விற்றோம். வாங்கியவர் மரத்தையும் கல்லையும் பிரித்து எடுக்கத்தான் வாங்கினார்.

வளவைச் சுற்றிய அறைகளில் ஒன்றுதான் படைப்பு அறை. ஆகவே பேழை எங்கே போவது என்ற கேள்வி வந்தது. சென்னையில் உள்ள ஒருவர் தன் வீட்டில் ஓர் அறை ஒதுக்குவதாக மனதாரச் சொன்னார். நகரவிடுதியில் வைக்கலாம் என்றார் ஒருவர். மூத்தவர்களில் ஒரு பெரியப்பச்சி எழுந்து, "சேலையை அலச ஊருணி வேண்டும், கட்டுச்சோற்றைக் கொடுக்க நடந்து வருகிற ஆள் வேண்டும். அடுக்குமாடியில் இரண்டும் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். யாரும் பதில் பேசவில்லை. படைப்பைச் செவ்வாயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம் என்று வந்த யோசனையும் அன்றே விழுந்தது. அதில் எனக்கு இரண்டு மனம். விடுப்பு கிடைக்காமல் ஏங்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனாலும், வசதியான நாளுக்கு மாற்றினால் அடுத்த வருஷம் இன்னும் வசதியான நாள் வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

முடிவில், பின்தெருப் பக்கம் 3 சென்ட் இடத்தை மட்டும் விற்காமல் ஒதுக்கினோம். புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஓர் அறையும் முன்னால் ஒரு தாழ்வாரமும் எழுப்பினோம். பழைய படைப்பு அறையின் நிலைக்கதவு, கஜலட்சுமி செதுக்கியது, அதை மட்டும் விற்பனையிலிருந்து விலக்கிப் புது அறைக்கு வைத்தோம். தரைக்கு ஆத்தங்குடிக் கல். கதவைத் திறந்தால் பழைய கிறீச்சொலி அப்படியே வருகிறது.

வீட்டைப் பிரிக்கும் முன், எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்று பட்டியல் எழுதினோம். பேழை, குத்துவிளக்கு, தாம்பாளம், அண்டா, பணியாரச் சட்டி, நோட்டுகள் என்று 20க்கும் மேற்பட்ட உருப்படிகள். பட்டாலையில் மாட்டியிருந்த பாட்டையா படம் அதில் இல்லை. பட்டியலை எழுதியவள் நான். அத்தனை ஆண்டும் அந்தப் படத்தின் கீழே நடந்திருக்கிறேன். எழுதும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. மரத்தோடு மரமாக அது போய்விட்டது.

இதை நான் நெடுநாள் யோசித்தேன். பேழையை மறக்க முடியாது, ஏனென்றால் அடுத்த தையில் அது இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். விளக்கும் அப்படித்தான். படத்துக்கு மட்டும் எந்த வேலையும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை பொட்டு வைப்பதுகூட எப்போதோ நின்றுபோயிருந்தது. பாட்டையாவின் முகம் கண்ணெதிரே இருந்ததாலேயே, அவரை நினைக்க நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆத்தாவுக்குப் படம் இல்லை. ஆகவே வருஷா வருஷம் கடைக்குப் போய்ச் சேலை பார்த்து, கரை பார்த்து, விலை பேசி, "ஆத்தாவுக்கு இது பிடிக்குமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

பக்கத்து ஊர்களைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. கம்பர் முகம் யாருக்குத் தெரியும்? நாட்டரசன்கோட்டையில் அவருடைய சமாதி என்று காலங்காலமாகக் கும்பிடும் இடம் மிகச் சிறியது. அந்த மண்ணை எடுத்துப் போய்க் குழந்தை நாவில் வைத்தால் தமிழ் வரும் என்பது ஊர் நம்பிக்கை. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கி, இராமாயணம் அரங்கேறியதாகச் சொல்லும் பங்குனி அத்தத்தை ஒட்டி விழா எடுத்தார். காரைக்குடியில் நடக்கும் விழா நிறைவு நாளில் நாட்டரசன்கோட்டைக்குப் போகும். பாட்டைப் படிப்பதும் அதைப் பற்றி வழக்காடுவதும் அங்கே நினைவுச் சடங்கு. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். காளையார்கோவிலில் கோபுரத்துக்கு எதிரே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். சிலைகள் பின்னால் வந்தவை. மக்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். சிலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலை வைத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று திரும்பிப் போய்விடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

படம் திரும்பி வந்தது

கடைக்காரரிடம் போய், "இவர் எங்கள் பாட்டையா" என்றோம். பழைய செட்டிநாட்டுப் படங்களை விடுதிகளில் அலங்காரத்துக்கு மாட்டக் கேட்கிறார்களாம், இதற்கும் ஒருவர் சொல்லி வைத்திருந்தாராம். அந்த மனிதர் ஒன்றும் பேரம் பேசவில்லை. வாங்கிய விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் தானே துடைத்துக் கொடுத்தார்.

கொண்டுவந்து மாட்டினால் மறுபடியும் அதே கதைதான் ஆகும் என்று எனக்குப் பயம். ஆகவே பங்காளிகள் கூட்டத்தில் ஒன்று கேட்டேன். படைப்புக்கு முதல் நாள், பேழையை இறக்கும்போது படத்தையும் இறக்க வேண்டும். அந்த வருஷம் நோட்டில் ஏறிய புதுப் புள்ளி, கணவனும் மனைவியுமாக, கண்ணாடியைத் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். பிறகு சட்டத்தின் அடியில் உள்ள விலாசத்தை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக விரித்துச் சொல்ல வேண்டும். நான்கு எழுத்து, நான்கு தலைமுறை. நகரத்தார் கடைகளின் பெயர்ப்பலகையில் வரும் அந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு முன்னோரின் பெயர் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

முதல் வருஷம் துடைத்தவர்கள் பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள். மூன்றாம் எழுத்தில் அந்தப் பையன் தடுமாறினான். அவன் மனைவி, கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, அவனுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். முதல் நாள் இரவு என் நோட்டை வாங்கிப் படித்திருக்கிறாள். பெரியப்பச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

போன தையில் இரண்டாம் முறை நடந்தது. வந்த புள்ளிகள் பழைய வீட்டின் கடைசி வருஷத்தில் வந்ததைவிடக் கூடுதல். அறை சிறியது என்பதால் தாழ்வாரத்திலும் தெருவிலும் பாய் விரித்தோம். கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு என் பேரன் வாசலுக்குப் போனான். பத்து நிமிஷம் யாரும் நடந்து வரவில்லை, எல்லாம் இருசக்கர வண்டி. பிறகு, பக்கத்துத் தெருவில் கட்டட வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவர், தோளில் துண்டோடு நடந்து வந்தார். பேரன் இரண்டு கையாலும் நீட்டினான். அவர் புரியாமல் சுற்றிலும் பார்த்தார். கூட்டத்தில் யாரோ இந்தியில் சொன்னார்கள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எங்கள் தாழ்வாரத்திலேயே ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கப் போன என் மருமகளிடம், தண்ணீர் மட்டும் கேட்டார்.

இந்த வருஷம் பழைய நோட்டு தீர்ந்து, புது நோட்டு போட்டேன். புள்ளிக்கு இரண்டு பெயர் எழுதுகிறேன், கணவன் பெயரும் மனைவி பெயரும். இரண்டு பேர் மறுத்தார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டார். எழுதிவிட்டேன். மகள்களை எழுதுவது பற்றி இன்னும் பேச்சு முடியவில்லை. கல்யாணமாகிப் போன பெண் புகுந்த வீட்டுப் படைப்பில் புள்ளி ஆகிவிடுகிறாளே என்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் ஆத்தாவின் பெயரைச் சுமப்பவர்களே அந்த மகள்கள்தாமே என்று நான் கேட்டிருக்கிறேன். தைக்குள் ஒரு முடிவு வர வேண்டும்.

முதல் பக்கத்தில் மூன்று பேரின் பெயரையும், தெரிந்த அளவுக்கு மறைந்த நாளையும் எழுதினேன். இளைய மகனுக்குப் பழைய நோட்டில் "சித்திரபானு வருஷம்" என்று மட்டும் இருக்கிறது. மாதம், தேதி என்று கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். புது நோட்டிலும் கோடு போட்டு, அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.